டீமில் இருக்கும் சீனியர் ஏன் எதையும் சட்டென்று நம்புவதில்லை?

கேள்வி இதுதான்: "வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் டீமில் ரொம்ப நன்றாகக் கோடு (கணினி நிரல்) எழுதும் சீனியர் ஒருவர் இருக்கிறார். புதிதாக எது வந்தாலும் 'பார்க்கலாம்' என்று இழுப்பார். மேனேஜர் அவரை 'நெகட்டிவ்' என்கிறார். பிளாக்செயின், மெட்டாவெர்ஸ், ஏஐ என்று எது வந்தாலும் முதல் ஆளாகக் குதிக்க வேண்டும் என்பது மேனேஜரின் கட்சி. யார் சொல்வது சரி?"

உங்கள் சீனியரை எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டதால் அவரைப் போன்ற பலரோடு வேலை செய்திருக்கிறேன். உங்கள் மேனேஜரைப் போன்றவர்களோடும்தான். நல்ல புரோகிராமர்களுக்குப் புதுமை பிடிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. முதலில் அதைக் கழித்துவிடலாம். நான் பார்த்த நல்ல புரோகிராமர்கள் எல்லோருமே புதுசுக்கு ஆசைப்பட்டவர்கள். யாரும் கேட்காமலே ராத்திரி உட்கார்ந்து புது மொழி ஒன்றைக் கற்றுக்கொண்டு வருகிறவர்கள். அவர்களுக்கு ஒத்துவராதது பில்டப் மட்டும்தான்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஜான் கார்மாக். 1993-ல் வந்த டூம், 1996-ல் வந்த குவேக் ஆகிய விளையாட்டுகளின் முதன்மைப் புரோகிராமர். 2013-ல் மெய்நிகர் (விஆர்) கருவி செய்யும் ஆக்குலஸ் நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஆனார். அடுத்த வருடம் பேஸ்புக் அந்த நிறுவனத்தை 200 கோடி டாலருக்கு வாங்கியது. தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் கருவியை அவரைவிட அதிகம் நம்பிய ஆள் கிடைப்பது கஷ்டம். அதை மாட்டிக்கொண்டு தலையைத் திருப்பினால், ஏறக்குறைய 20 மில்லிநொடிக்குள் கண்முன் இருக்கும் படமும் திரும்ப வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் மூளை குழம்பிக் குமட்டல் வரும். அந்தத் தாமதம் சென்சாரில் இருக்கிறதா, ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருக்கிறதா, திரையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு மில்லிநொடியாகத் தேடிப் பிடுங்கியவர் அவர்.

2021 அக்டோபர் 28 அன்று பேஸ்புக் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. இனி எல்லாம் மெட்டாவெர்ஸ்தான், அதாவது மக்கள் உருவங்களாக உலவும் மெய்நிகர் உலகம்தான் என்று அறிவித்தார்கள். அதே நிகழ்ச்சியில் பேசிய கார்மாக், நிறுவனத்துக்குள் மெட்டாவெர்ஸ் கட்டுவதற்கு நடந்த ஒவ்வொரு முயற்சியையும் தான் எதிர்த்து வாதாடி வந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கும் அந்த உலகம் வர வேண்டும் என்ற ஆசை இருந்தது. "மெட்டாவெர்ஸ் கட்டப்போகிறோம்" என்று கிளம்பினால் அது வந்து சேராது என்பதுதான் அவர் வாதம். மக்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு பொருளை முதலில் செய்யுங்கள், அதற்கு என்னென்ன தேவைப்படுகிறதோ அதிலிருந்து பொதுவான பாகங்கள் தானாகப் பிரிந்து வரும் என்றார். மேலே இருந்துகொண்டு கட்டமும் அம்புக்குறியும் வரைகிறவர்களுக்கு இப்படிப்பட்ட பெரிய திட்டம் தேன் தடவிய பொறி என்ற பொருளில் எச்சரித்தார்.

அப்புறம் நடந்ததில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம்: கால்கள். அந்த உலகத்தில் உலவிய மனித உருவங்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இருக்காது. காரணம் அழகுணர்ச்சி இல்லாமை கிடையாது. கேமராக்கள் இருப்பது தலையில் மாட்டும் கருவியில். அங்கிருந்து கைகள் தெரியும். கால்களைப் பல நேரம் நம் வயிறும் கைகளுமே மறைத்துவிடும். தெரியாத காலை நிரல் ஊகித்துத்தான் வரைய வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது உருவம் நின்றால், வலது காலை எடுத்து வைக்கும்போது இடது கால் அசைந்தால், பார்க்கிறவருக்கு உடனே உறுத்தும். புரோகிராமர் பார்வையில் இது பல மாத, ஏன், பல வருட வேலை. 2022 அக்டோபரில் நடந்த நிகழ்ச்சியில் மார்க் ஸக்கர்பெர்க்கின் உருவம் கால்களோடு துள்ளிக் குதித்தது. சில நாளில் அந்த நிறுவனமே விளக்கம் சொன்னது: அந்தக் காட்சி, உடலசைவைத் தனியாகப் பதிவுசெய்து உருவாக்கிய அனிமேஷன். தலையில் மாட்டிய கருவி கண்டுபிடித்த கால் அது இல்லை. உண்மையான கால்கள் சோதனை அளவில் பயனாளர்களிடம் வரத் தொடங்கியது 2023-ல்.

கால் வந்ததா இல்லையா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தக் காட்சிக்குப் பிறகு அந்த டீமில் இருந்த புரோகிராமரின் நிலை. அவர் ஊகிக்கும் நிரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். உலகமோ அந்த வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. இனிமேல் அவர் செய்து முடித்தாலும் அது செய்தி ஆகாது. தாமதமானால் மட்டும்தான் செய்தி. அதே மாதம், அந்த உலகத்தைக் கட்டுகிறவர்களே அதை அதிகம் பயன்படுத்துவதில்லை என்று மெட்டாவின் மெட்டாவெர்ஸ் பிரிவுத் துணைத் தலைவர் எழுதிய உள்குறிப்பும் வெளியே வந்தது. மெய்நிகர் வேலைகளைக் கவனிக்கும் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவின் நஷ்டம் 2022-ல் மட்டும் சுமார் 1,370 கோடி டாலர், 2023-ல் சுமார் 1,610 கோடி டாலர். கார்மாக் 2022 டிசம்பரில் விலகினார். எக்கச்சக்கமான ஆட்களும் வளங்களும் இருந்தும் முயற்சியை வீணடிக்கிறோம் என்று வருத்தத்தோடு எழுதிவிட்டுத்தான் போனார்.

இரண்டு தரப்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. புத்திசாலி, முட்டாள் என்று பிரிக்கத் தேவையில்லை. பில்டப் கொடுப்பவர்களில் மகா புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பலன் கிடைக்கும் நாள் வேறு, அவ்வளவுதான். அறிவிப்பு வந்த நாளிலேயே பங்கு விலை ஏறுகிறது, முதலீடு வருகிறது, பதவி உயர்வு வருகிறது. 2017 டிசம்பரில் லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ என்ற அமெரிக்க நிறுவனம் தன் பெயரை லாங் பிளாக்செயின் என்று மாற்றியது. பிளாக்செயின் என்பது பிட்காயினுக்கு அடிப்படையான தொழில்நுட்பம். இதுவோ குளிர்ந்த தேநீர் விற்கும் கம்பெனி. பெயர் மாறிய அன்றே பங்கு விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. அங்கே யாரும் ஒரு வரி கோடு எழுதியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த வருடமே நாஸ்டாக் பங்குச் சந்தை அந்தப் பங்கைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. புரோகிராமருக்கோ, அறிவிப்பு நாளில் எதுவும் கிடைப்பதில்லை. பொருள் புரொடக்ஷனுக்கு, அதாவது நிஜப் பயன்பாட்டுக்குப் போய், முதல் பத்தாயிரம் பேர் அதைக் கன்னாபின்னாவென்று பயன்படுத்தி, ராத்திரி சர்வர் படுத்து, அவர் போன் அடிக்கும்போதுதான் அவருடைய கணக்குத் தொடங்குகிறது. அந்த ராத்திரியை மனதில் வைத்துக்கொண்டே அவர் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் 'பார்க்கலாம்' என்று இழுக்கிறார்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில், லாரிப் போக்குவரத்து நடத்தும் ஒரு கிளையன்டுக்காக பில்களைத் தானாகப் படிக்கும் மென்பொருள் செய்தோம். டீசல் பில், சுங்கச்சாவடி ரசீது, சரக்கு இறக்கிய சீட்டு என்று ஒரு நாளைக்கு ஏறக்குறைய பத்தாயிரம் காகிதம். டெமோவுக்கு விற்பனைப் பிரிவிலிருந்து பன்னிரண்டு பில்களை எடுத்து வைத்தார்கள். எல்லாம் மடிப்புக் கலையாதவை. பன்னிரண்டையும் மென்பொருள் அழகாகப் படித்தது. விற்பனைத் தலைவர் "95 சதவீதத் துல்லியம்" என்று ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டார்.

எங்கள் டீமில் ஒரு பெண் இருந்தார், அதிகம் பேசாதவர். அவர் கையை உயர்த்தி, "மிச்சம் அஞ்சு சதவீதம் எதுன்னு சிஸ்டத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மீட்டிங் முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கிளையன்ட் முன்னால் இப்படிக் கேட்கக்கூடாது என்று கண்டித்தார்கள்.

அந்தக் கேள்வியின் கனத்தைப் பாருங்கள். பத்தாயிரத்தில் 95 சதவீதம் சரி என்றால் 500 தப்பு. எந்த 500 என்று தெரியாவிட்டால் பத்தாயிரத்தையும் ஒரு மனிதர் மறுபடி பார்த்தாக வேண்டும். அப்படியானால் மென்பொருள் மிச்சப்படுத்திய உழைப்பு எங்கே? நிஜ பில்களோ லாரி டாஷ்போர்டில் வெயிலில் கிடந்து வெளுத்தவை. எண்ணெய்க் கறை, வியர்வை, ரப்பர் ஸ்டாம்ப், கையெழுத்து எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. மூன்றாவது வாரத்தில், கையால் எழுதிய 7,450 ரூபாய் டீசல் பில் ஒன்றை மென்பொருள் 1,450 என்று படித்தது. மிச்சம் 6,000 ரூபாயை டிரைவர் கணக்கில் பற்று எழுதி, அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். அந்த மனிதர் நேரில் வந்து நின்றபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

பிறகு அந்தப் பெண்தான் சரிசெய்தார். ஒவ்வொரு எண்ணையும் எவ்வளவு நிச்சயத்தோடு படித்தோம் என்பதையும் மென்பொருள் கணக்கிட வேண்டும், சந்தேகம் இருந்தால் எதையும் நிரப்பாமல் மனிதரிடம் அனுப்பிவிட வேண்டும். இப்படி மாற்றியதும் தினமும் ஏறக்குறைய 1,800 பில்கள் ஆட்களிடம் போயின. ஸ்லைடில் போட்டால் பார்க்க நன்றாக இருக்காத எண். ஆனால் மிச்ச எட்டாயிரத்தைக் கிளையன்ட் திரும்பிப் பார்க்காமல் நம்ப முடிந்தது. அவர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது அதனால்தான்.

இதே கதை பெரிய இடங்களிலும் நடக்கிறது. ஐபிஎம்மின் வாட்சன் என்ற ஏஐ கணினி 2011-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி வினாடி வினாவில் ஜெயித்தது. அடுத்து புற்றுநோய்ச் சிகிச்சையை மாற்றப்போகிறது என்றார்கள். டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனை அதற்காக 6.2 கோடி டாலருக்கு மேல் செலவழித்தும், நோயாளிகளுக்குப் பயன்படும் நிலைக்கு அது வரவில்லை என்று தணிக்கை அறிக்கை சொன்னது. நடுவில் மருத்துவமனை தன் நோயாளிப் பதிவேட்டு மென்பொருளை மாற்றியது, வாட்சன் திட்டத்தைப் புதியதோடு இணைக்கவில்லை. எந்த புரோகிராமரும் முதல் வாரத்திலேயே கேட்டிருக்கும் கேள்வி அது: தகவல் எங்கிருந்து வரும்?

இன்னொரு பக்கம், யாருமே பில்டப் கொடுக்காத வேலைக்கு என்ன கதி என்றும் பார்க்க வேண்டும். வங்கி இணையதளத்தில் பூட்டுப் படம் தெரிகிறதே, அந்த மாதிரிப் பாதுகாப்பான இணைப்புக்கு உலகில் பெரும்பகுதி சர்வர்கள் நம்பியிருந்த நிரல்தொகுப்பு ஓப்பன்எஸ்எஸ்எல். 2014 ஏப்ரல் 7-ல் அதில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. ஓட்டை எளிமையானது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கணினி சிறு சொல் ஒன்றையும் அதன் நீளத்தையும் அனுப்பும், சர்வர் அதையே திருப்பி அனுப்பும். கடையில் ஒரு சின்னப் பையைக் கொடுத்துவிட்டு "நான் கொடுத்த 64 கிலோவைத் திருப்பிக் கொடு" என்று கேட்டால், கடைக்காரர் எடை போட்டுப் பார்க்காமல் பக்கத்தில் இருந்த மற்றவர்களின் மூட்டைகளையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. நினைவகத்தில் பக்கத்தில் கிடந்த கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும், ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை, கேட்டவருக்குப் போயின. நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு சோதனை விடுபட்டிருந்தது, அவ்வளவுதான்.

அந்தத் திட்டத்துக்கு வருடத்துக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமாக அதில் வேலை செய்தவர் ஒரே ஒருவர். அதே 2014-ல்தான், எதிரில் இருப்பவருக்கு 'யோ' என்று ஒரே சொல்லை அனுப்புவதைத் தவிர வேறெதுவும் செய்யாத, எட்டு மணி நேரத்தில் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒரு செயலிக்குப் பத்து லட்சம் டாலர் முதலீடு கிடைத்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஹார்ட்பிளீட் வந்து மூன்று வாரத்துக்குள் கூகுள், மைக்ரோசாஃப்ட், பேஸ்புக் போன்ற நிறுவனங்கள் இப்படிப்பட்ட திட்டங்களுக்கு ஆளுக்கு வருடம் ஒரு லட்சம் டாலர் வீதம் மூன்று வருடம் தர ஒப்புக்கொண்டன. வீடு பற்றி எரிந்த பிறகு வந்த தண்ணீர். வந்தவரைக்கும் நல்லது.

சரி, புரோகிராமர்கள் பக்கம் தப்பே இல்லையா? உண்டு. நமக்கென்று சொந்த பில்டப் இருக்கிறது: "இந்தப் பழைய கோடு குப்பை, மொத்தமாகத் திருப்பி எழுதலாம்." நெட்ஸ்கேப் நிறுவனம் 1997-ல் தன் இணைய உலாவியின் நான்காம் பதிப்பை வெளியிட்டது. பிறகு பெரும்பகுதியைப் புதிதாக எழுத உட்கார்ந்தார்கள். அடுத்த முழுப் பதிப்பான ஆறு வந்தது 2000 நவம்பரில். அதற்குள் மைக்ரோசாஃப்ட் சந்தையைப் பிடித்துவிட்டது. அதுமட்டுமா, "இது முடியாது" என்று சொல்வதையே கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு கற்பதை நிறுத்திவிட்ட சீனியர்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் மேனேஜருக்கு அப்படிப்பட்டவரோடு பழைய அனுபவம் இருந்திருக்கலாம்.

வியாபாரமும் வேண்டும். சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் பில்டப் இல்லாமல் வியாபாரமே நடக்காது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாட்ஸ்அப்பை பேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது, 45 கோடிப் பேர் அதைப் பயன்படுத்தினார்கள். அங்கே இருந்த பொறியாளர்கள் 32 பேர். எர்லாங் என்ற, தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவான பழைய மொழியில் எழுதினார்கள். ஒரே சர்வரில் 20 லட்சத்துக்கு மேல் இணைப்புகளைத் தாங்கவைத்தார்கள். நிறுவனர் ஜான் கூம் மேசையில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில், அவருடைய கூட்டாளி பிரையன் ஆக்டன் எழுதியிருந்தது: விளம்பரம் வேண்டாம், விளையாட்டு வேண்டாம், ஜிகினா வேலை வேண்டாம்.

இப்போது ஏஐக்கு வருவோம், உங்கள் மேனேஜரின் தற்போதைய ஆசை அதுதானே. நானே தினமும் பயன்படுத்துகிறேன், உபயோகமாக இருக்கிறது. இந்த விஷயத்தில் நான் கவனித்து வருவது, இணையத்தில் தகவலை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற நிரலை உருவாக்கிய ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்கை. உங்கள் போன், டிவி, கார் எல்லாவற்றிலும் அவர் நிரல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்கு அப்போது பரிசு இருந்ததால், ஏஐயிடம் எழுதி வாங்கிய பொய்யான ஓட்டை அறிக்கைகள் அவருக்கு வந்து குவிந்தன. படிக்க நேர்த்தியாக இருக்கும், உள்ளே போனால் அப்படியொரு ஓட்டையே இருக்காது. ஒவ்வொன்றையும் ஆட்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியிருந்தது. 2024 ஜனவரியிலேயே இதைக் கண்டித்து எழுதினார். ஆனால் 2025-ல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ஏஐ கருவிகளைக் கொண்டு தேடி, கிடைத்தவற்றைத் தானே சலித்து அனுப்பியபோது, அதில் உண்மையான குறைகள் நிறைய இருந்தன. ஸ்டென்பெர்க் அவற்றைத் திருத்தியதோடு வெளிப்படையாகப் பாராட்டவும் செய்தார். இரண்டு பக்கமும் ஏஐதான். அனுப்புவதற்கு முன் சரிபார்த்தவர் இருந்தாரா இல்லையா என்பதுதான் மாறியது.

உங்கள் டீமுக்கு வருகிறேன். உங்கள் சீனியர் அடுத்த முறை 'பார்க்கலாம்' என்று சொன்னால், "எதைப் பார்க்கணும், சொல்லுங்க" என்று பக்கத்தில் போய் உட்காருங்கள். குறிப்பாக ஐந்தாறு விஷயம் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் சோதனைப் பட்டியல். ஒன்றுமே சொல்லாமல் பொதுவாகச் சலித்துக்கொண்டால், அந்த முறை மேனேஜர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். மேனேஜரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள், பணிவாகவே: "இது ராத்திரி தப்பாப் போனா யாருக்குப் போன் வரும் சார்?" அவர் தன் பெயரையும் சேர்த்துச் சொன்னால் அவரை நம்பி இறங்கலாம்.

பில் படிக்கும் மென்பொருளைச் சரிசெய்த அந்தப் பெண் இப்போது வேறொரு இடத்தில் டீம் நடத்துகிறார். அந்தக் காலத்திலேயே மோசமான நாற்பது பில்களின் ஸ்கேன்களைத் தனியாகச் சேர்த்து வைத்திருந்தார். ஆள் பெயரும் வண்டி எண்ணும் மறைத்தவை. மென்பொருள் விற்க யார் வந்தாலும் டெமோவுக்கு அதைத்தான் கொடுப்பார். போன மாதம் ஒரு ஏஐ நிறுவனத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்களாம். அவர்கள் மென்பொருள் நாற்பதில் முப்பத்தொன்றைச் சரியாகப் படித்தது. மிச்சம் ஒன்பதில் எட்டை 'நிச்சயமில்லை' என்று குறித்தது. ஒன்றை மட்டும் தப்பாகப் படித்தது. அன்று சாயங்காலமே மேலிடத்துக்கு மெயில் போட்டு, இதை வாங்கலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான்.